என்றாள்

அந்தப் பதிப்பகத்தில் வேலை பார்த்த யாருக்கும் மறக்காத வரி ஒன்று உண்டு. அது ஒரு ஆங்கில நாவலில் வருகிறது. பெண் டாக்டர் ஒருத்தி அறுவை சிகிச்சைக்கு நடுவில் நிற்கிறாள். நோயாளியின் வயிறு திறந்து கிடக்கிறது. அவள் கையை நீட்டி நர்ஸிடம் கத்தி கேட்கிறாள். மூலத்தில் ‘கத்தி’ என்றாள், அவ்வளவுதான். அச்சாகி வந்த தமிழ்ப் புத்தகத்தில் இருந்தது இது: “கத்தி” என்று சிணுங்கினாள்.

சிணுங்கினாளாம். வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு எந்த டாக்டராவது சிணுங்குவாளா? அப்படிச் சிணுங்குகிறவளிடம் யார் போய் வயிற்றைக் காட்டுவார்கள்? அதை மொழிபெயர்த்தவள் அந்தப் பக்கத்தைப் பார்த்த நாளில் புத்தகத்தை மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டினாள். அட்டையில் அவள் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. படிக்கிறவர்கள் அவள்தான் சிணுங்க வைத்தாள் என்று நினைத்துக்கொள்வார்கள். போய் வீடு வீடாகக் கதவைத் தட்டி, நான் இல்லைங்க என்று சொல்லவா முடியும்?

அவளை அங்கே எல்லோரும் சின்னக்கா என்பார்கள். பக்கம் வடிவமைக்கிற அம்மாள் பெரியக்கா. அவருக்குப் பிறகு வேலைக்கு வந்ததால் இவள் சின்னக்கா. நாற்பதைத் தாண்டி, காதோரம் நரைத்து, கண்ணாடியும் போட்டாயிற்று. இன்னும் சின்னக்காதான்.

டாக்டரைச் சிணுங்க வைத்தவர் முதலாளி. அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. ஒற்றை அச்சு இயந்திரத்தில் தொடங்கியவர், இன்றும் ஒவ்வொரு பிரதியையும் தானே உட்கார்ந்து பச்சைப் பேனாவால் திருத்துகிறவர். சம்பளத்தை ஒரு மாதமும் தள்ளிப் போட்டதில்லை. ஆனால் ‘என்றாள்’ என்ற சொல் மட்டும் அவருக்குக் கண்ணில் விழுந்த தூசி. “வறண்டு கிடக்குதும்மா” என்பார். அதற்கு அவர் செய்கிற வைத்தியத்துக்கு அலுவலகத்தில் ‘சாயம் ஏத்துறது’ என்று பெயர்.

ஆண்கள் பேசினால் பெரும்பாலும் விட்டுவிடுவார். மிஞ்சிப்போனால் ஒரு கர்ஜனை, ஒரு முழக்கம். கதையில் ஒரு பெண் வாயைத் திறந்தால் போதும், பச்சைப் பேனா இறங்கிவிடும். குழைந்தாள், கொஞ்சினாள், விம்மினாள், புலம்பினாள், வெடித்தாள். பெரியக்கா கணினியில் இதற்கெல்லாம் சுருக்கு விசை வைத்திருந்தார். ஒரு தட்டு தட்டினால் விம்மிவிடும், இன்னொன்றைத் தட்டினால் குழைந்துவிடும். அந்த அறையிலிருந்து வெளியே போன புத்தகங்களில் ஒரு பெண்ணாவது ஒரு விஷயத்தைச் சும்மா சொல்லிவிட்டுப் போனதாகச் சின்னக்காவுக்கு நினைவில்லை.

ஆங்கிலத்தில் சொல்வதற்கு ‘ஸே’ என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. பேசி முடித்த பேச்சுக்கு ‘ஸெட்’. பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பிலேயே வந்துவிடுகிற சொல். சின்னக்கா பிழைப்புக்காகப் படித்த அத்தனை ஆங்கில நாவல்களிலும் அது மூலை முடுக்கெல்லாம் கிடந்தது. ராஜாவும் ‘ஸெட்’, ராஜாவின் கழுத்தை அறுக்க வந்தவனும் ‘ஸெட்’. குழந்தைக் கதையில் ஓநாய் ஆட்டுக்குட்டியிடம் பேசினால் அதுதான், துப்பறியும் கதையில் கொலைகாரன் ஒப்புக்கொண்டாலும் அதுதான், சாகப்போகிற கிழவி கடைசியாகத் தண்ணீர் கேட்டாலும் அதுதான். பழைய காலத்து எழுத்தாளர்கள் கொஞ்சம் ஆடம்பரம் பண்ணுவார்கள், அலறவும் கூவவும் விடுவார்கள். பிறகு வந்தவர்கள் அதையெல்லாம் கழற்றி வைத்துவிட்டார்கள். கதவுக் கீல் மாதிரி அந்தச் சொல். கதவு திறக்கும், மூடும், கீலை யாரும் பார்க்கமாட்டார்கள். ஆளுக்கு ஆள் வேறு கீல் இல்லை என்பதுதான் சின்னக்காவுக்கு அதில் பிடித்தது.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் சமையற்காரி நாவல் வந்தது.

ஒரு மில் முதலாளி வீட்டில் சமைக்கிறவள் கதை. மில்லில் தீ. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் வெளியே வர முடியவில்லை, ஏனென்றால் கதவு வெளியே பூட்டியிருந்தது. பூட்டியது முதலாளியின் மகன். அதைப் பார்த்தவள் சமையற்காரி ஒருத்திதான். புத்தகம் முழுக்க ஆள் மாற்றி ஆள் வந்து அவளை மாற்றப் பார்க்கிறார்கள். கத்துகிறார்கள், காலில் விழுகிறார்கள், சிரித்துப் பேசுகிறார்கள், மிரட்டுகிறார்கள். நாவலை எழுதிய அம்மாள் அத்தனை பேருக்கும் அத்தனை வினைச்சொல்லையும் வாரி வழங்கிவிட்டு, சமையற்காரிக்கு மட்டும் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே ஒரு சொல்லைக் கொடுத்திருந்தார். அவள் சொன்னாள். விசாரணை மன்றத்திலும் சொன்னாள். “அவர் பூட்டினதை நான் பார்த்தேன்” என்றாள். அடுத்த வரி: காலையிலிருந்து அவள் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அந்த மாறாத குரலுக்காகத்தான் விசாரணை அதிகாரி அவளை நம்புகிறார்.

சின்னக்கா அந்த நாவலைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக மொழிபெயர்த்தாள். கொடுக்கும்போதே முதலாளியிடம், ஐயா, இதுக்கு மட்டும் சாயம் வேண்டாம், கதையே அதுலதான் நிக்குது என்று கேட்டுக்கொண்டாள். பார்க்கலாம்மா என்றார். அவர் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அந்தக் கட்டிடத்து வாட்ச்மேனுக்குக் கூடத் தெரியும்.

பிரதி திரும்பி வந்தபோது பச்சைப் பசேலென்று இருந்தது. சமையற்காரி அடுப்படியில் குழைந்தாள், தோட்டத்தில் புலம்பினாள். சின்னக்கா நேராக விசாரணை மன்றம் வருகிற பக்கத்தைப் புரட்டினாள். “அவர் பூட்டினதை நான் பார்த்தேன்” என்று சமையற்காரி விம்மினாள். விம்மியவளின் குரலில் மாற்றம் இல்லை என்று அடுத்த வரி வந்தால் இடிக்குமே? முதலாளி கெட்டிக்காரர். அந்த வரியை அடித்துவிட்டார்.

அதைப் பார்த்ததும் சின்னக்காவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு சொல்லுக்குப் போய் இவ்வளவு கோபமா என்று பெரியக்காவே கேட்டார். அவளுடைய கோபம் அந்த மேஜையில் தொடங்கியது இல்லை.

கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து, அண்ணன் வீட்டுக் கூடத்தில் ஒரு நாள் இரண்டு பக்கத்து ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். சின்னக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. “இனி அந்த வீட்டுக்கு நான் போகமாட்டேன்” என்றாள். ஒரு தடவைதான் சொன்னாள். சத்தம் போடவில்லை. அன்று மாலைக்குள் அந்தப் பேச்சு ஊர் முழுக்கப் போய்விட்டது, ஆனால் அவள் பேசிய மாதிரி போகவில்லை. அண்ணன் போனில் சொந்தக்காரர்களிடம், அழுதுட்டே ஏதோ சொல்றா, ரெண்டு நாள்ல சரியாயிடுவா என்றான். மாமியார், கத்திட்டு வந்துட்டா என்றார். அத்தைக்காரி ஒருத்தி, பாவம் புலம்புறா என்றாள். அழுதவளைத் தேற்றலாம், கத்தினவளை அடக்கலாம், புலம்பினவளைத் தட்டிக்கொடுக்கலாம். சொன்னவளுக்குத்தான் பதில் சொல்லியாக வேண்டும். அந்தத் தொல்லை எதற்கு? தேற்றித் திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவள் தானாக வெளியே வந்தபோது இடது காது கேட்காமல் போயிருந்தது. இன்றைக்கும் யாராவது பேசினால் வலது காதைத் திருப்பித்தான் கேட்பாள்.

பச்சைப் பிரதி வந்த மறுநாள் காலை சின்னக்கா முதலாளி அறைக்குப் போனாள். கையில் ஏழெட்டு ஆங்கில நாவல்கள், ஒவ்வொன்றிலும் காகிதத் துண்டு செருகி வைத்திருந்தாள். ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். இதோ ஒரு ராணி, இதோ ஒரு வேலைக்காரி, இதோ தூக்கில் போடப்போகிற ஒருத்தி, எல்லோருக்கும் அதே சொல். முதலாளி பொறுமையாகப் பார்த்தார். அது அவங்க பாஷை, அவங்களுக்கு ஒத்துக்கும், நம்ம ஆளுங்களுக்கு ரசம் வேணும் என்றார். நம்ம இலக்கியத்துல எல்லாம் உணர்ச்சிதானேம்மா என்று ஒரு போடு போட்டார்.

சின்னக்கா அதற்குத்தான் காத்திருந்தாள்.

“நம்ம பழைய பாட்டுக்கெல்லாம் மேல ‘தலைவி கூற்று’ன்னுதான் ஐயா போட்டிருக்கு. ‘தலைவி சிணுங்கல்’னு நீங்க எங்கயாவது பார்த்திருக்கீங்களா?” என்றாள்.

முதலாளி சிரித்துவிட்டார். வாய் ஜாஸ்தி உனக்கு என்றார். சிரிப்பு அடங்கியதும் முகம் பழையபடி ஆனது. திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது, வெள்ளிக்கிழமை வாசிப்பு, பச்சையில் இருப்பதுதான் கடைசி, அதற்கு மேல் பேச்சில்லை என்றார்.

வாசிப்பு என்பது அந்தப் பதிப்பகத்தின் பெருமை. முதலாளியே கொண்டு வந்த வழக்கம். அச்சுக்குப் போகும் முன் மொழிபெயர்த்தவர் தன் பிரதியை வாய்விட்டுப் படிக்க வேண்டும். பிழை திருத்துகிறவர் எதிரே அச்சுப் பக்கத்தை வைத்துக்கொண்டு கண்ணால் தொடர வேண்டும். படிப்பதும் பக்கத்தில் இருப்பதும் ஒரு எழுத்து வேறானாலும் பென்சிலால் மேஜையைத் தட்டுவார். தட்டினால் நிற்க வேண்டும், பார்க்க வேண்டும், தீர்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். முடிந்ததும் இருவரும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு கையெழுத்தில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பக்கம் அச்சுக்குப் போகாது. நானே சொன்னாலும் போகாது என்று முதலாளி விருந்தாளிகளிடம் மார்தட்டிக்கொள்வார். கடைசி அத்தியாயம் படிக்கும்போது தவறாமல் வந்து உட்காருவார்.

பிழை திருத்துகிறவருக்குக் காற்புள்ளி என்று பெயர். ஒவ்வொரு இரண்டு சொல்லுக்கும் நடுவில் நிறுத்தி, மூச்சு வாங்கிப் பேசுவார். ரிட்டயர் ஆகப் போகிற வயசு. யார் வம்புக்கும் போகாதவர். முதலாளி மழை வருகிறது என்றால் குடையைத் தேடுகிற ஆள். வெள்ளிக்கிழமை சின்னக்கா வழக்கம் போல் அவருடைய இடது பக்கம் நாற்காலியைப் போட்டு, வலது காதை அவர் பக்கம் வைத்து உட்கார்ந்தாள். முதல் அத்தியாயத்திலேயே, பச்சை மையைத் தாண்டி, அதன் அடியில் இருந்த தன் சொல்லைப் படித்தாள்.

“என்றாள்” என்று படித்தாள். பக்கத்தில் ‘குழைந்தாள்’. காற்புள்ளி தட்டினார். சின்னக்கா நிமிர்ந்து பார்க்காமல் மேலே போனாள். அடுத்த “என்றாள்”. மறுபடி டக். அவருக்கும் புரிந்துபோனது. அக்கா, வேணாம்க்கா என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். அவள் மேலே படித்தாள். விதி விதிதானே, அவர் தட்டிக்கொண்டே இருந்தார். பெரியக்கா கணினியை விட்டுத் திரும்பி உட்கார்ந்து, மோவாயில் கை வைத்துக் கேட்டார். மத்தியானத்துக்குள் கீழே காகிதக் கிடங்கில் இருந்தவர்கள்கூட, மேலே என்ன தச்சு வேலை நடக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கடைசி அத்தியாயத்துக்கு முதலாளி வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, கால்மேல் கால் போட்டுக்கொண்டார். சின்னக்கா விசாரணை மன்றத்தைப் படித்தாள்.

“‘அவர் பூட்டினதை நான் பார்த்தேன்’ என்றாள். காலையிலிருந்து அவள் குரலில் ஒரு மாற்றமும் இல்லை.”

டக் டக்கென்று பென்சில் விழுந்தது. முதலாளி காலைக் கீழே இறக்கினார்.

“இருக்கிறதைப் படிம்மா” என்றார்.

சின்னக்கா தலையைத் தூக்கவில்லை. பிரதியில் இருப்பதைப் படிப்பது போலவே, அதே குரலில், அதே வேகத்தில் படித்தாள்.

“‘இருக்கிறதைப் படிம்மா’ என்று முதலாளி சிணுங்கினார்.”

காற்புள்ளி பென்சிலைத் தூக்கியபடி அப்படியே இருந்தார். இந்த வரி பக்கத்தில் இல்லை, தட்டுவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

“என்ன விளையாட்டு இது?” என்றார் முதலாளி.

“‘என்ன விளையாட்டு இது?’ என்று விம்மினார்.”

பெரியக்கா சட்டென்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கணினிப் பக்கம் திரும்பிவிட்டார். முதலாளியின் முகம் சிவந்தது. எழுந்து நின்றார். இத்தனை வருஷத்தில் அந்த அறையில் அவர் பேச்சுக்கு யாரும் வால் ஒட்டியதில்லை.

“யாரு விம்மினது? நான் விம்மினேனா? இந்த அறையில இத்தனை பேர் இருக்காங்க, கேளு. நான் சொன்னேன்.”

சின்னக்கா இப்போது பிரதியை மூடினாள். நிமிர்ந்து அவரை நேராகப் பார்த்தாள்.

“உங்க பேச்சுல ரெண்டே ரெண்டை மாத்தினதுக்கே எந்திரிச்சு நிக்கிறீங்க ஐயா. அவ பேச்சை முந்நூறு பக்கத்துக்கு மாத்தியிருக்கீங்க. அவளும் சொன்னா. நான் கையெழுத்துப் போடமாட்டேன்” என்றாள்.

முதலாளி உட்காரவில்லை. ஜன்னல் வரை போனார், திரும்பினார். கையெழுத்து இல்லாமல் அனுப்பிவிடலாம். ஆனால் நானே சொன்னாலும் போகாது என்று ஊரெல்லாம் மார்தட்டியாயிற்று, காற்புள்ளி வேறு எதிரில் உட்கார்ந்திருக்கிறார். சொந்த வழக்கத்தையே அவர் எப்படி மீறுவார்? அந்த ரோஷம் அவருக்கு உண்டு. ஆனால் சும்மா விட்டுக்கொடுக்கிற பழக்கமும் அவருக்கு இல்லை.

“சரி. உன் இஷ்டப்படியே போகட்டும். ஆனா நான் கை வைக்காத பிரதி உன் பேரோட இந்தக் கடையிலிருந்து வெளிய போகாது. அட்டையிலயும் இருக்காது, உள்ளயும் இருக்காது. பேரா, அந்த ஒரு சொல்லா? எதுன்னு நீயே சொல்லு” என்றார்.

அவர் கணக்கு என்னவென்றால் அவள் பெயரைத்தான் எடுத்துக்கொள்வாள். யார்தான் எடுத்துக்கொள்ளமாட்டார்கள்? கண் எரிய எரிய ஒரு வருஷம் உழைத்த புத்தகம். அண்ணன் வீட்டில் அட்டைப் படத்தைப் போனில் எல்லோருக்கும் காட்டியாயிற்று. சின்னக்காவுக்கும் அந்தப் பெயர் வேண்டும்தான், இல்லை என்று பொய் சொல்ல வேண்டாம். தன் பெயர் இல்லாத அட்டையை ஒரு நிமிஷம் மனதில் வைத்துப் பார்த்தாள். வலித்தது. டாக்டர் புத்தகத்தின் அட்டையையும் வைத்துப் பார்த்தாள். அதில் பெயர் இருந்தது. அது அதைவிட வலித்தது.

“பேரை எடுத்துடுங்க” என்றாள்.

முதலாளி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொன்னால் இவள் அதற்கும் ஒரு வினைச்சொல் வைத்திருப்பாள் என்று தோன்றியிருக்க வேண்டும், மென்று விழுங்கிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

காற்புள்ளி பென்சிலை மேஜையில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். அச்சுப் பக்கங்களை முதலிலிருந்து புரட்டி, குழைந்தாளை அடித்து ‘என்றாள்’ என்று ஓரத்தில் எழுதினார், புலம்பினாளை அடித்து எழுதினார். விசாரணை மன்றத்துக்கு வந்ததும் அடிபட்ட வரியைத் தன் கையெழுத்தில் முழுசாக எழுதிச் சேர்த்தார். பிறகு, “அக்கா, மாத்தின இடத்தை, மட்டும் மறுபடி, ஒரு தடவை படிங்க. இனி தட்ட, ஒண்ணும் இருக்காது” என்றார். படித்தாள். தட்டவில்லை. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பெரியக்கா திருத்தங்களை ஏற்றினார். போகிற போக்கில் விம்மலுக்கு வைத்திருந்த சுருக்கு விசையையும் அழித்துவிட்டேன் என்றார்.

புத்தகம் வந்தது. அட்டையில் மூல ஆசிரியரின் பெயரும் பதிப்பகத்தின் பெயரும் மட்டும் இருந்தன. சின்னக்கா ஒரு பிரதியைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் விசாரணை மன்றத்தைத் திறந்து பார்த்தாள். இருந்தது. அடுத்த வரியும் இருந்தது.

சாயங்காலம் அண்ணன் போன் செய்தான். கடையில் புத்தகத்தைப் பார்த்தானாம், திருப்பித் திருப்பிப் பார்த்தும் அவள் பெயர் இல்லையாம். சின்னக்கா போனை வலது காதுக்கு மாற்றிக்கொண்டு நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். அண்ணனுக்குத் தாங்கவில்லை. அங்கே எல்லோர் எதிரிலும் என்னவெல்லாம் ஆச்சோ என்று அவனாகவே கற்பனை பண்ணிக்கொண்டான்.

“ரொம்ப அழுதியாம்மா?” என்றான்.

“அழலண்ணே.”

“பின்ன, கத்தினியா?”

“கத்தல. சொன்னேன்.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போனை வைத்துவிட்டானோ என்று சின்னக்கா காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். வைக்கவில்லை. மறுபடி காதில் வைத்தபோது அண்ணனின் குரல் இறங்கியிருந்தது.

“அன்னைக்கு, நம்ம வீட்டுக் கூடத்துல. அன்னைக்கும் நீ அழலதானே?” என்றான்.

அவள் அவசரப்படவில்லை.

“இல்லண்ணே. அன்னைக்கும் சொன்னேன்” என்றாள்.